ஆதார் ஜெராக்ஸ் மட்டும் போதுமா? வாடகைக்கும் வேலைக்கும் வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை

வீட்டை வாடகைக்கு விடுகிறோம், கடைக்கு ஆள் எடுக்கிறோம், சப்ளையர் ஒருவருக்கு முன்பணம் அனுப்புகிறோம். எல்லா இடத்திலும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி ஃபைலில் செருகி வைப்பார்கள். பிறகு பொருள் காணாமல் போய், போலீஸ் வந்து அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் எண் வேறொருவருடையது, படம் மாற்றி ஒட்டியது, அந்த முகவரியில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்பது தெரியவரும். ஜெராக்ஸ் வாங்குவது வெறும் பதிவு. அந்த அட்டையை வெளியிட்ட துறையிடமே கேட்டு உறுதி செய்தால்தான் அது சரிபார்ப்பு. இன்று அதற்குப் பெரும்பாலும் ஒரு ஃபோன் போதும், கட்டணமும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆவணம் உண்மையானதா? அதை நீட்டுபவர் அதற்குரியவர்தானா? அவர் சொல்வது ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா? முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். போலி அட்டை அச்சடிப்பதைவிட, அடுத்தவரின் நல்ல அட்டையைக் கொண்டு வருவது மோசடிக்காரருக்குச் சுலபம்.

ஆதார்: கண்ணை நம்பாதீர்கள், க்யூஆர் கோடை நம்புங்கள்

ஆதார் எண் 12 இலக்கம். 0 அல்லது 1-இல் அது தொடங்காது. கடைசி இலக்கம் முந்தைய பதினொன்றையும் வைத்துக் கணக்கிடப்படுவது; அதனால் வாய்க்கு வந்த எண்ணை அடித்தால் பெரும்பாலும் அது தேறாது. ஆனால் இந்தச் சோதனையெல்லாம் அரைகுறைப் போலிகளை மட்டுமே பிடிக்கும். பிளாஸ்டிக் அட்டை பளபளப்பாக இருப்பதும் எதையும் நிரூபிக்காது. எந்தப் பிரிண்டிங் கடையிலும் அப்படி ஒன்று போட முடியும்.

பிடிமானம் க்யூஆர் கோடில்தான் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, படம், ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து உள்ளது. ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும்.

1. ஆதார் ஆணையமே வெளியிட்ட ஸ்கேனர் ஆப்பை மட்டும் ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதே பெயரில் பிற நிறுவனங்களின் ஆப்களும் இருக்கும். வெளியிட்டவர் யார் என்று பார்த்து இறக்குங்கள்.

2. அட்டையையோ, அவர் ஃபோனில் இருக்கும் இ-ஆதார் பிடிஎஃப்பையோ நேரில் காட்டச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம். படம் சுருங்கிவிடுவதால் இவ்வளவு நெருக்கமான கோடு பல நேரம் படிக்கவே வராது.

3. கோடு சரியானது என்று ஆப் காட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். திரையில் வரும் பெயர், முகவரி, பிறந்த தேதி, கடைசி 4 இலக்கங்கள், படம் ஐந்தையும் அட்டையில் அச்சாகியிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிறகு திரையில் உள்ள படத்தை எதிரில் நிற்பவரோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் சிக்குகிறார்கள். வேறொருவரின் உண்மையான க்யூஆர் கோடை வெட்டி எடுத்துத் தன் பெயரும் படமும் உள்ள அட்டையில் ஒட்டிவிட்டால், கையெழுத்து உண்மையானது என்றுதான் ஆப் சொல்லும். கோடுக்குள் இருப்பதும் அட்டையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்தால் மட்டுமே அது வெளிப்படும்.

ஸ்கேன் செய்யும்போது வழக்கமாக வரும் குழப்பங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோனின் சாதாரண கேமராவில் ஸ்கேன் செய்தால் முடிவில்லாமல் நீளும் ஒரு பெரிய எண் வரும், அது இயல்பு. பெயரும் முகவரியும் அப்படியே படிக்கும் எழுத்தாக வந்தால், அது கையெழுத்து இல்லாத பழைய காலக் கோடாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். அப்போது புதிய இ-ஆதாரை உங்கள் முன்னாலேயே அவருடைய ஃபோனில் இறக்கச் சொல்லுங்கள். நல்லவருக்கு அது ஐந்து நிமிட வேலை. கோடு ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து, அங்கே "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை டிக் காட்டினால், அது ஆதார் கோடே அல்ல. அந்தத் தளத்தை நடத்துவதும் அந்த மோசடிக்காரராகவே இருக்கலாம்.

பிடிஎஃப்பாக வந்தால் கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையெழுத்துப் பெட்டியைச் சொடுக்கிப் பாருங்கள். முதலில் மஞ்சள் கேள்விக்குறி வரும். உங்கள் கணினி அந்தச் சான்றிதழை இன்னும் நம்பப் பழகவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். சான்றிதழை ஏற்றுக்கொண்டு மறுபடி சரிபார்க்கச் சொன்னால் டிக் வர வேண்டும். கையெழுத்துப் பெட்டி சொடுக்க முடியாத வெறும் படமாக இருந்தால், யாரோ பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து மறுபடி பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள்.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண் செல்லுபடியாகிறதா என்று பார்க்கும் வசதியும் உண்டு. எண்ணைக் கொடுத்தால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், பதிவு செய்த மொபைலின் கடைசி 3 இலக்கங்கள் வரும், பெயர் வராது. 52 வயதுக்காரர் நீட்டிய எண்ணுக்கு 20–30 என்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மொபைல் இலக்கம் பொருந்தாததை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். சிம் மாற்றிவிட்டு ஆதாரில் மாற்றாதவர்கள் ஏராளம். எண்ணை அவரே தன் ஃபோனில் அடிக்கட்டும். காரணம் இருக்கிறது: ஆதார் சட்டத்தின் 8-ஏ பிரிவுப்படி, க்யூஆர் கோடு போன்ற ஆஃப்லைன் முறையில் சரிபார்ப்பவர் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ சேமிக்கவோ கூடாது. ஆதாருக்குப் பதில் வேறு ஆவணம் தரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு அதுவே போதும்.

அவருக்கு வரும் ஓ.டி.பி.யை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதீர்கள். ஓ.டி.பி. சொல்லிப் பழகியவர்தான் நாளைக்கு மோசடிக்காரர் கேட்டாலும் சொல்வார்.

டிஜிலாக்கரும் மற்ற அட்டைகளும்

அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் ஆவணத்தைக் காட்டினால், அது துறை வழங்கிய ஆவணங்கள் பகுதியில் இருக்கிறதா, அவரே பதிவேற்றிய பகுதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துறையிலிருந்து நேராக வந்தது மட்டும்தான் அசலுக்குச் சமம். பதிவேற்றும் பகுதியில் யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் போட்டு வைக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள், ஆப்பை மூடி, மறுபடி திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பான் எண் 10 எழுத்து: ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', கூட்டு நிறுவனத்துக்கு 'எஃப்', அறக்கட்டளைக்கு 'டி'. தனிநபர் என்று சொல்லி 'சி' உள்ள பானை நீட்டினால் விளக்கம் கேட்க வேண்டும். வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தில் பானைச் சரிபார்க்கும் பக்கத்தில் எண், பெயர், பிறந்த தேதி கொடுத்தால் பொருந்துகிறதா என்று வந்துவிடும். அதற்கான ஓ.டி.பி. உங்கள் மொபைலுக்கே வரும்; அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் தளத்தில் உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துப் பார்க்கலாம். டிரைவர் வேலைக்கு எடுக்கிறீர்கள் என்றால், எந்த வகை வாகனத்துக்கு, எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள். வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையத்தின் தேடல் பக்கத்தில் பார்த்தால் பெயரும் வாக்குச்சாவடியும் தெரியும். சொந்த ஊர் இன்னது என்று அவர் சொல்வதைச் சோதிக்க நல்ல வழி அது.

பெயர் பொருந்தாவிட்டால் எல்லாம் மோசடி அல்ல

நம் ஊரில் இது முக்கியம். ஆதாரில் "க. முருகன்", பானில் "கண்ணன் முருகன்", வங்கியில் "முருகன் கே" என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது சாதாரணம். இனிஷியலை விரிக்கும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் இருக்கும். பானின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்பார்கள்; தமிழ்நாட்டில் அது அப்பா பெயரின் எழுத்தாகவும் இருக்கும், சொந்தப் பெயரின் எழுத்தாகவும் இருக்கும். வயதானவர்களுக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியாததால், ஆண்டு மட்டும் இருப்பதும் சனவரி 1 என்று இருப்பதும் உண்டு.

இதை வைத்து ஒரு கூலித் தொழிலாளியைத் திருடனாகப் பார்ப்பது பெரிய அநியாயம். கவனிக்க வேண்டியது வேறு: அப்பா பெயரே மாறுவது, பிறந்த ஆண்டு பல வருடம் தள்ளிப் போவது, எல்லா ஆவணமும் போன மாதம்தான் எடுக்கப்பட்டிருப்பது, எல்லாவற்றிலும் ஒரே படம் இருப்பது. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அட்டைகளில் அதே ஆளின் வெவ்வேறு படம்தான் இருக்கும்.

ஆதாரை எதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அது குடியுரிமைச் சான்று அல்ல. பிறந்த தேதிக்கான சான்றாகவும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு வரும் பையனுக்கு 18 ஆகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ கேளுங்கள்.

ஆள் அவர்தானா?

படத்தை ஒப்பிடும்போது தலைமுடி, மீசை, கண்ணாடி, உடல் பருமனை விட்டுவிடுங்கள், இவையெல்லாம் மாறும். காதின் வடிவம், இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரம், மூக்கின் அடிப்பகுதி, மச்சம், தழும்பு ஆகியவற்றைப் பாருங்கள். வெளிச்சமான இடத்தில், தொப்பியும் மாஸ்கும் இல்லாமல் நிற்கச் சொல்லுங்கள்.

பிறகு பேச்சுவாக்கில் கேளுங்கள். பிறந்த தேதியைக் கேட்பதில் பயனில்லை. அட்டையில் இருப்பதை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருவார்கள். அட்டையில் இல்லாததைக் கேளுங்கள்: "அந்தத் தெருவுக்கு எந்த ஸ்டாப்பில் இறங்கணும்?", "பக்கத்தில் ரேஷன் கடை எங்கே இருக்கு?" அங்கே குடியிருந்தவர் யோசிக்காமல் சொல்வார். ஆதாரில் முகவரி மாற்றுவது சுலபம் என்பதால், அதில் இருக்கும் முகவரியில் அவர் வசித்தார் என்பதற்கு இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வதே பலமான சோதனை.

வீடியோ அழைப்பில் மட்டும் பார்க்க வேண்டியிருந்தால், தலையை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள், முகத்துக்கு முன்னால் கையை மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். கணினியில் முகத்தை மாற்றிப் பேசுபவர்களின் படம் இந்த இரண்டு இடத்திலும் தடுமாற வாய்ப்பு அதிகம். தடுமாறாவிட்டாலும் அதையே முடிவாக எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு ரூபாய் சோதனை

மலிவான, பலரும் பயன்படுத்தாத சோதனை இது. முன்பணமோ சம்பளமோ போகப்போகும் கணக்குக்கு யூபிஐ வழியாக ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். 2025 ஜூன் 30 முதல், பணம் பெறுபவர் வங்கியில் என்ன பெயரில் இருக்கிறாரோ அதைத்தான் யூபிஐ ஆப்கள் காட்ட வேண்டும். அவரே வைத்துக்கொண்ட செல்லப் பெயரைக் காட்டக் கூடாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன்பும் கணக்குப் பெயரைப் பார்க்கும் வசதியைத் தர 2025 ஏப்ரல் 1 வரை வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வேலைக்குச் சேர்பவர் தன் சம்பளத்தை நண்பர் கணக்குக்குப் போடச் சொன்னால், வீட்டுக்காரர் என்று சொல்பவர் முன்பணத்தை மைத்துனர் கணக்குக்குக் கேட்டால், அங்கே நிறுத்துங்கள்.

சப்ளையர் விஷயத்தில் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான். ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். இருபது வருடக் கம்பெனி என்று சொல்பவரின் பதிவு இரண்டு மாதத்துக்கு முந்தையது என்றால் அதற்குக் காரணம் கேளுங்கள். பழைய சப்ளையரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் பேசி உறுதி செய்த பிறகே பணம் போகட்டும்.

வேலைக்கு எடுக்கும்போது

முன்பு பி.எஃப். பிடித்த இடத்தில் வேலை பார்த்திருந்தால், மத்திய அரசின் உமங் ஆப்பில் அவரை நுழைந்து பணி வரலாற்றைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அனுபவச் சான்றிதழை எவரும் டைப் செய்துகொள்ளலாம். முதலாளி பணம் கட்டிய பதிவை அப்படி உருவாக்குவது கடினம். பழைய முதலாளியிடம் பேசும்போது, பயோடேட்டாவில் உள்ள நம்பரை விட்டுவிட்டு அந்த நிறுவனத்தின் பொது நம்பரைத் தேடி எடுத்து அழையுங்கள். பரிந்துரைக்கும் "மேனேஜர்" பக்கத்து ரூம் நண்பராக இருப்பது மிகப் பழைய தந்திரம்.

வீட்டு வேலைக்கும், வாடகைக்கும், நிறுவனப் பணிக்கும் வருபவர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அட்டைகள் ஒருவர் யார் என்று மட்டுமே சொல்லும். அவர் மீது வழக்கு இருக்கிறதா என்பதற்கு இதுதான் வழி. காவலாளிகளை ஏஜென்சி மூலம் எடுத்தால், 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உரிமம் இல்லாத ஏஜென்சி அனுப்பும் ஆளை யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

வாடகைக்குப் போகிறவரும் கேட்க வேண்டும்

வீட்டுக்காரர் கேட்பதோடு இது முடிவதில்லை. லீஸுக்கு என்று லட்சக்கணக்கில் வாங்கிவிட்டு மறைந்துபோகும் போலி வீட்டுக்காரர்களால் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பே போய்விடும். பெரும்பாலும் அவரும் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவராகவோ, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க வீட்டைப் பார்த்துக்கொண்டவராகவோ இருப்பார்.

பதிவுத்துறையின் டிஎன் ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தேவை. அதற்கு வீட்டுக்காரரிடம் பத்திர நகலின் முதல் பக்கத்தைக் கேளுங்கள். கடைசியாக வாங்கியவர் பெயரும் எதிரில் இருப்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டின் மேல் பதிவான அடமானம் இருந்தால் அதுவும் தெரியும். கடன் கட்டாமல் வங்கி கையகப்படுத்தினால் உங்கள் லீஸ் பணம் தொங்கலில் நிற்கும். சொத்துவரி ரசீதிலும் மின் கட்டணத்திலும் பழைய உரிமையாளர் பெயர் இருப்பது சகஜம் என்பதால், அவை மட்டும் போதாது. "பவர்" வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது பதிவான பவர்தானா, ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் கேளுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். உரிமையாளரோடு ஒரு முறை வீடியோவில் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய ஃபோன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வரி. *#06# அடித்தால் அந்த ஃபோனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று டைப் செய்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். தடை செய்யப்பட்டது என்றோ, வேறு ஃபோனிலும் இதே எண் ஓடுகிறது என்றோ பதில் வந்தால் வாங்க வேண்டாம்.

உங்கள் அடையாளத்தை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?

நீங்கள் கொடுத்த ஜெராக்ஸும் எங்கேயோ ஒரு ஃபைலில் இருக்கிறது. கொடுக்கும்போதே படத்தையும் எழுத்தையும் தொட்டுக் குறுக்கே "வீட்டு வாடகைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம்; தெரியாத எண் இருந்தால் அங்கேயே "என் எண் அல்ல" என்று குறிக்கலாம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்; வாங்காத கடன் ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மைஆதாரில் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும்.

ஆதார் கைரேகையைப் பூட்டிவைப்பதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆதார் எண்ணும் போலிக் கைரேகையும் இருந்தால் வங்கி முகவர்கள் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம் கருவி வழியாகக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும், அதற்கு ஓ.டி.பி. வராது. பூட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். ரேஷன் கடைக்கோ சிம் வாங்கவோ போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

போலி என்று தெரிந்துவிட்டால்

அங்கேயே குரலை உயர்த்தாதீர்கள், ஆளைப் பிடித்துவைக்காதீர்கள். "வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, அவர் கொடுத்த நகல், அழைத்த நம்பர், வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அடுத்தவரின் அடையாளத்தைக் கணினி வழியில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். அந்த அட்டையின் உண்மையான சொந்தக்காரரும் பாதிக்கப்பட்டவர்தான். அவருக்குத் தெரியாமலே அவர் பெயர் ஒரு வழக்கில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது.

பணம் போய்விட்டால் முதலில் 1930-க்கு அழையுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க முடிகிற நேரம் மிகக் குறைவு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்தக் கணக்குக்குப் போனது ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அழைப்பு முடிந்ததும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் அதே விவரங்களோடு எழுத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணை உங்கள் வங்கிக் கிளைக்கும் கொடுங்கள்.